கோமான் கைபடாத கிணறு

கரிமலைக்கும் கடலுக்கும் நடுவே தூமநாடு என்று ஒரு தேசம் இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போடுகிறவர்கள் அந்தப் பக்கம் வந்தபோது புகையில் ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்த நாட்டை ஆண்டவர் கோமான். அவருக்கு வேறு பெயர் இருந்ததாம். அதைச் சொல்லிக் கூப்பிடும் துணிச்சல் உள்ளவர்கள் யாரும் மிச்சமில்லை. மன்னர்தான் என்றாலும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடத்தித்தான் ஆண்டார். வாக்குச்சீட்டில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் 'ஆம்' என்றும் இன்னொன்றில் 'மிகவும் ஆம்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். மக்கள் யோசித்து முத்திரை குத்துவார்கள்.

கோமானுக்குக் கைராசி உண்டு என்பது அந்த நாட்டின் நம்பிக்கை. நம்பிக்கை என்று சொன்னால் போதாது, சட்டம். அவர் கைபடாமல் அங்கே எதுவும் தொடங்காது. பாலம் கட்டி முடித்தாலும் அவர் தொடும்வரை மக்கள் ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். தலைநகர் மருத்துவமனையில் ஒரு தண்ணீர்க் குழாய் இரண்டு ஆண்டுகளாக ரிப்பன் கட்டிக்கொண்டு காத்திருந்தது. நோயாளிகள் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெருக்குழாய்க்குப் போனார்கள்.

தூமநாட்டில் நாற்பது பெரிய புகைபோக்கிகள் இருந்தன. இவர்கள் கக்கும் புகையில் எங்கள் மழையும் வெயிலும் கெட்டுப்போகிறது என்று அக்கம்பக்கத்து நாடுகள் சண்டைக்கு வந்தன. அப்போது சில படித்தவர்கள் ஒரு வழி சொன்னார்கள். புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, எண்ணெய் எடுத்து வற்றிப்போன பழைய ஆழ்கிணறுகளுக்குள் அழுத்தி அனுப்பிவிட்டு, கிணற்று வாயைச் சிமெண்ட் போட்டு மூடிவிடலாம். யோசனை நல்ல யோசனைதான். தூமநாட்டில் நல்ல யோசனைக்கு என்றைக்கும் குறைவில்லை, அது நிறைவேறும் விதத்தில்தான் எல்லாம்.

மொத்தம் முப்பத்திரண்டு கிணறுகள். அவற்றின் மூடிகளைச் சோதிப்பதற்கென்று சிந்தாமணி என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். அவள் சித்தாளாக இருந்து கலவை சுமந்து, பிறகு இரவல் புத்தகங்களில் படித்துத் தேறி வந்தவள். கலவையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே அது தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளை எப்படி அரண்மனை வேலைக்கு எடுத்தார்கள் என்பது இன்றுவரை விளங்காத விஷயம். ஏதோ கவனக்குறைவாக நடந்திருக்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே பேரவையில் அவளைப் பேசச் சொன்னார்கள். பேரவைச் செயலர் அகளங்கர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, அது முடிவதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கக்கூடிய மனிதர் அவர்.

"நல்லாப் போட்ட மூடிய வாயு ஒண்ணும் பண்ணாதுங்கய்யா," என்றாள் சிந்தாமணி. "வாயுவும் தண்ணியும் கலந்தா சோடா மாதிரி புளிச்ச தண்ணி ஆவும். அது சிமெண்டத் தொட்டா மேல ஒரு தோல் கெட்டியாவும். இடுக்கு இல்லேன்னா அதோட நின்னுடும், நூறு வருசத்துக்குப் பயமில்ல. ஆனா குழாய்க்கும் சிமெண்டுக்கும் நடுவுல ஒரு தலைமுடி நுழையற இடுக்கு இருந்தாலும் போச்சு. புதுசு புதுசா புளிச்ச தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும். கெட்டியான தோலையும் கரைச்சிடும். கடைசியில சிமெண்டு ஊறின சோறு மாதிரி கொழகொழன்னு ஆயிடும்."

அகளங்கர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நமது நாட்டில் இடுக்குகள் முற்றாக ஒழிக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன என்பதைச் சோதகர் அறியாமலிருப்பது வருத்தத்துக்குரியது."

அவ்வளவுதான் பேரவை.

மூடி போடும் விழாக்கள் தொடங்கின. நெறிமுறை நூலில் எல்லாம் எழுதியிருந்தது. முதல் கரண்டிக் கலவையைக் கோமான் தங்கக் கரண்டியால் அள்ளிக் கிணற்றுக்குள் போட வேண்டும். அதன் பிறகுதான் ஆட்கள் மிச்சத்தை நாற்பது ஆள் ஆழத்துக்கு ஊற்றலாம். கோமான் எந்த நேரத்திலும் வரக்கூடும் என்பதால் கலவை காலை ஆறு மணிக்கே தயாராக இருக்க வேண்டும். கோமான் பெரும்பாலும் பகல் இரண்டு மணிக்கு வருவார். கோமான் காத்திருக்கக் கூடாது, கலவை காத்திருக்கலாம் என்பது நெறிமுறை நூலின் நான்காம் பக்கம்.

கலவைக்கு நெறிமுறை தெரியாது. எட்டு மணிக்கே அது இறுகத் தொடங்கிவிடும். கோமான் வந்து கரண்டியைக் குத்தினால் கரண்டி இறங்காது. அவர் முகம் சுளிக்காமல், ஒலிபெருக்கியில் கேட்கும்படி, "கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்" என்பார். ஆட்கள் ஓடி வந்து குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, செத்துப்போன கலவையைக் கிளறி இளக்குவார்கள். கூட்டம் கைதட்டும். கல்லாகிப் போனதையும் இளக வைக்கும் கைராசி என்று மறுநாள் செய்தி வரும். பிறகு எல்லோரும் வழக்கப்படி கோமான் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள்.

அது என்ன ஆகும் என்று கொத்து வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். இறுகின கலவையில் தண்ணீர் ஊற்றினால் அது காயும்போது சுருங்கிக் குழாயை விட்டு விலகிவிடும். அந்தத் தலைமுடி இடுக்கைக் கோமான் தம் கையாலேயே ஊர் ஊராகப் போய் உண்டாக்கிக்கொண்டிருந்தார். சிந்தாமணி கடிதம் எழுதினாள். 'கோமான் வந்த பிறகு கலவை போட்டால் போதும்' என்ற ஒரே வரிதான். அரசரைக் காக்க வைக்கத் தூண்டும் வரி என்று அதற்கு எச்சரிக்கை வந்தது.

முப்பத்தோரு கிணறுகள் இப்படி மூடப்பட்டன. மிச்சம் இருந்தது குழிப்பாடி.

குழிப்பாடி நாலு பக்கமும் மேடு சூழ்ந்த பள்ளத்தில் இருந்த ஊர். மேட்டுச் சரிவில் கிணறு, கீழே தெருக்கள். சிந்தாமணியின் தங்கை பூவாயி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாயில்லாத அந்தத் தங்கையைச் சிந்தாமணிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள்.

அந்த ஆண்டுத் தேர்தலில் குழிப்பாடிக்காரர்கள் மொத்தமாக 'ஆம்' கட்டத்தில் முத்திரை குத்திவிட்டார்கள். எதிர்ப்பு ஒன்றும் இல்லை, அவர்களுக்கு வந்த சீட்டுகளில் 'மிகவும் ஆம்' கட்டம் மடிப்புக்குள் போயிருந்தது. ஆனாலும் அரண்மனைக்குத் தாங்க முடியவில்லை. "அரைமனம் கொண்ட ஊருக்குக் கைராசி மறுக்கப்படுகிறது" என்று அகளங்கர் ஆணை போட்டார். கோமான் வர மாட்டார், மூடியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்க் கொத்தனார் ஒண்டிமுத்து கலவை போட்டார். குழைத்த கையோடு ஊற்றினார். விழா இல்லாததால் வேறு செய்ய ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு நாள் கிணற்று வாய்மேல் ஈரச்சாக்குப் போட்டு வைத்தார். ஊர்க்காரர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தங்க விமானமே இறங்கி வந்தும் தங்கள் ஊரைத் தாண்டிப் போய்விட்ட மாதிரி அவர்களுக்கு ஒரு குறை. கோமான் வர வேண்டும் என்று அன்றிலிருந்து மனுப் போட ஆரம்பித்தார்கள்.

முதல் ஆண்டுச் சோதனையில் சிந்தாமணி ஒவ்வொரு மூடியிலிருந்தும் விரல் கனத்துக்கு ஒரு துண்டு துளைத்து எடுத்து வந்தாள். முப்பத்தோரு துண்டுகளும் போட்டதைவிடக் கெட்டியாக இருந்தன. 'மேல்தோல் இறுகியிருக்கிறது, இது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம், அரிப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம்' என்று அறிக்கை எழுதினாள். அரையடி அறிக்கையில் முதல் இரண்டு சொற்கள் மட்டும் வெளியாகின. மூடிகள் தாமாகவே வலுவடைகின்றன என்று நாடு முழுக்க மூன்று நாள் கொண்டாட்டம்.

இரண்டாம் ஆண்டு துண்டுகளில் சோதனைத் தண்ணீரை விட்டாள். சிமெண்ட் உயிரோடு இருந்தால் அந்தத் தண்ணீர் பட்டதும் ரோஜா நிறமாக மாறும். செத்திருந்தால் நிறம் மாறாது. முப்பத்தோரு துண்டுகளும் சாம்பலாகவே கிடந்தன. நகத்தால் கீறினால் சேறு போல வந்தது. குழிப்பாடித் துண்டு மட்டும் விளிம்பில் மெல்லிசாக ஒரு தோலும், உள்ளே முழுக்க ரோஜா நிறமுமாகச் சிரித்தது.

அகளங்கர் நேரில் வந்து பார்த்தார். "நிறம் வராததற்குக் காரணம்?"

"மூடி அழுகிப்போச்சுங்கய்யா."

"சோதனைத் தண்ணீர் நிறமற்றதாக இருப்பதே காரணம்," என்றார் அகளங்கர். "நிறமற்ற ஒன்றிடம் நிறத்தை எதிர்பார்ப்பது அறிவியலாகாது."

அடுத்த வாரத்திலிருந்து சோதனைத் தண்ணீர் அரண்மனையிலிருந்தே சாயம் போட்டு ரோஜா நிறத்தில் வந்தது. எதன்மேல் விட்டாலும் ரோஜா நிறம் வந்தது. சிந்தாமணியின் மேசை தேறியது. அவளுடைய இரண்டு கைகளும் தேறின. அகளங்கர் குடித்துவிட்டு வைத்த காபித் தம்ளரும் தேறியது.

மூன்றாம் ஆண்டு தாழ்வான ஊர்களில் கோழிகள் நடந்துகொண்டிருக்கும்போதே சாய்ந்தன. தரையில் வைத்த விளக்கு நிற்கவில்லை, மாடத்தில் வைத்தால் எரிந்தது. களை பறிக்கக் குனிந்த பெண்கள் மயங்கி விழுந்தார்கள். கரியமில வாயு கனமானது. வெளியே வந்தால் மேலே போகாமல் தரையோடு படுத்துக்கிடக்கும். சிந்தாமணி இதையும் எழுதினாள்.

பேரவை கூடி 'நிமிர்நிலைச் சட்டம்' கொண்டுவந்தது. இனிமேல் தூமநாட்டில் யாரும் முழங்காலுக்குக் கீழே எதையும் செய்யக் கூடாது. உட்காரக் கூடாது, தரையில் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. தலைநிமிர்ந்த சமுதாயம் என்று தெருவெல்லாம் எழுதினார்கள். நின்றபடி நாற்று நட முடியாததால் அந்தப் பருவம் வயல்கள் தரிசாகக் கிடந்தன. சமையலுக்கு மேடை கட்ட வழியில்லாதவர்கள் பச்சையாகத் தின்றார்கள். நடக்கப் பழகாத பிள்ளைகளைத் தரையில் விட்டால் பெற்றோருக்குத் தண்டனை. சட்டத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது: கோமான் காலில் விழலாம்.

அந்த ஆண்டு கோமானின் பிறந்தநாள், தாழ்வான ஊர்களில் ஒன்றான தாழையூரில் நடந்தது. மேடைக்கு முன்னால் பதின்மூன்று பேரவை உறுப்பினர்கள் காலில் விழுந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கூட்டம் சிலிர்த்துப்போனது. இப்படி ஒரு பக்தியைத் தூமநாடு அதுவரை கண்டதில்லை. வெகுநேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு பேர் இறந்திருந்தார்கள். அவர்களுக்கு 'எழாத செம்மல்' என்ற பட்டம் வழங்கப்பட்டது. உயிரோடு எழுந்த பதினொரு பேருக்கும் ஏன் எழுந்தீர்கள் என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிற்று.

மக்கள் சத்தம் போடாமல் மூட்டை கட்டினார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்தாலும் காலையில் எழுந்திருக்க முடிகிற ஒரே ஊர் குழிப்பாடி என்ற விஷயம் காதோடு காதாகப் பரவியிருந்தது. பள்ளத்து ஊருக்கு ஜனம் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. பூவாயி வீட்டுத் தாழ்வாரத்திலேயே மூன்று குடும்பங்கள் தங்கின. அவளுக்கு அப்போது எட்டு மாதக் கைக்குழந்தை. அது தரையில் தவழ்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. தூமநாட்டில் அந்த ஆண்டு தரையில் தவழ்ந்த ஒரே தலைமுறை குழிப்பாடிக் குழந்தைகள்தான்.

ஒரு ஊர் மட்டும் நன்றாக இருப்பது அரண்மனையின் கண்ணை உறுத்தியது. சிந்தாமணியைப் பேரவைக்கு அழைத்தார்கள். இந்த முறை கோமானே வந்திருந்தார்.

"குழிப்பாடியில் மட்டும் மூடி கெடாததன் இரகசியம் யாது?" என்று கேட்டார் அகளங்கர்.

மூன்று ஆண்டுகளாகச் சிந்தாமணி எழுதியது எதுவும் முழுதாக வெளியே போகவில்லை. இன்றைக்காவது உண்மையை ஒருவர் காதில் போட்டுவிட்டால் முப்பத்தோரு ஊரும் பிழைக்கும். வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"இரகசியம் ஒண்ணும் இல்லீங்கய்யா. அங்க கோமான் வரல. அதனால கலவை காத்துக்கிடக்கல, தண்ணி ஊத்திக் கிளறல. கோமான் கைபடாததாலதான் அந்தக் கிணறு நல்லா இருக்குது. மத்த கிணத்தயும் தோண்டிட்டு, யாரும் வராம, கலந்த கையோட ஊத்தினாப் போதும். எல்லா ஊரும் பொழச்சுக்கும்."

அவளைப் பிடித்துக்கொண்டு போகக் காவலர்கள் ஒரு அடி எடுத்து வைத்தார்கள். கோமான் கையை உயர்த்தித் தடுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, உண்மையான வருத்தம் இருந்தது.

"என் கைபடாமலே இவ்வளவு நன்றாக இருக்கிறதே," என்றார் மெதுவாக. "என் கையும் பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்! பாவம், அந்த மக்களை மறந்துவிட்டோம்."

பேரவை எழுந்து நின்று கண்ணீர் விட்டது. குழிப்பாடியின் பழைய மூடியைத் துளைத்தெடுத்துவிட்டுக் கோமான் கையால் புது மூடி போடுவதென்று அந்த நிமிடமே தீர்மானம் ஆயிற்று. நாடு முழுவதும் வாயு கசியக் காரணம் ஒரு கிணறு மட்டும் கைராசி இல்லாமல் விடுபட்டதுதான் என்று அகளங்கர் குறிப்பில் சேர்த்துக்கொண்டார். சிந்தாமணிக்கு, இந்தக் குறையை முதன்முதலில் சுட்டிக்காட்டியவள் என்ற முறையில், ஒரு பட்டுச் சேலை கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு எப்படி நடந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. தன் வாயாலேயே தங்கை வீட்டுக்கு எமனைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பது மட்டும் புரிந்தது.

விழாவுக்கு முதல் நாளே குழிப்பாடிக்குப் போனாள். ஊர் வாழைமரமும் தோரணமுமாகத் தடபுடல் பட்டுக்கொண்டிருந்தது. பூவாயிதான் கோமானுக்கு ஆரத்தி எடுக்கப் போகிறவள். புதுத் தட்டை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளயத் தூக்கிக்கிட்டு இப்பவே என்கூடக் கெளம்புடி," என்றாள் சிந்தாமணி. "நாளைக்கு அந்தக் கிணத்தத் தொறக்கப் போறாங்க."

"உனக்கு என்னக்கா வந்துது? மூணு வருசமா மனுப் போட்டு இப்பத்தான் நம்ம ஊரு பக்கம் திரும்பியே பார்க்கறாரு. அடுத்தூருக்காரங்க எல்லாம் கோமானத் தொட்டுக் கும்பிட்டவங்க. நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணோம்?"

"அந்த அடுத்தூருக்காரங்கதானடி உன் தாழ்வாரத்துல படுத்திருக்காங்க! எதுக்கு வந்தாங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன். காத்து சரியில்லன்னாங்க." பூவாயி தட்டைத் தூக்கி முகம் பார்த்தாள். "நீ அரண்மனைச் சோறு திங்கற. உனக்கு அவரு அருமை தெரியல."

சிந்தாமணிக்கு ஓங்கி ஒரு அறை விடலாமா என்று வந்தது. விடவில்லை. வீட்டுக்குள் போய், குழந்தையின் தூளியை அவிழ்த்து, ஏணி போட்டு ஏறி, விட்டத்தோடு ஒட்டினாற்போல் உயர்த்திக் கட்டினாள். பூவாயி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவிழ்க்கவில்லை. பிறகு சிந்தாமணி ஒண்டிமுத்துவைத் தேடிப் போனாள்.

"கலவைய மட்டும் அவரு வந்து நின்னப்பறம் போடுங்க மாமா. உங்க காலத் தொட்டுக் கேக்கறேன்."

கொத்தனார் தரையைப் பார்த்தார். "நெறிமுறைப் புத்தகத்தோட ஒரு ஆள் என் பக்கத்துலயே நிப்பானாம்மா. ஆறு மணிக்குக் கலக்கலேன்னா கைய எடுத்துடுவாங்களாம்."

விழா நாள் காலை ஆறு மணிக்குக் கலவை தயாராக இருந்தது. பழைய மூடியை அதற்குள் துளைத்து எடுத்திருந்தார்கள். அது முழுசாக வராமல் அடம்பிடித்து நான்கு துரப்பண முனைகளை உடைத்துவிட்டுத்தான் வந்தது. திறந்த கிணற்று வாய் கோமான் வரும்வரை வெறுமையாகத் தெரியக் கூடாது என்று அகளங்கர் அதன்மேல் பட்டுத்துணி போர்த்தினார். கொஞ்ச நேரத்தில் துணி மெல்ல உப்பி எழுந்தது.

"கிணறே எழுந்து நின்று வரவேற்கிறது," என்று அகளங்கர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

ஊரும் வந்தேறிகளுமாக ஜனம் சரிவில் நெருக்கியடித்து நின்றது. கீழே தெருவில் யாரும் இல்லை, கோழிகளும் தூளியில் தூங்கும் பிள்ளையும் தவிர. பகல் இரண்டு மணிக்குக் கோமான் வந்தார். உயரமான மேடை மேல் ஏறினார். பூவாயி ஆரத்தித் தட்டில் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று சுற்றிவிட்டு, வழக்கப்படி தட்டைக் கீழே வைக்கக் குனிந்தாள். முழங்கால் உயரத்தில் சுடர் அணைந்தது. காற்று அசையவே இல்லை. திரும்ப ஏற்றிக் கொடுத்தார்கள். திரும்பக் குனிந்தாள். திரும்ப அணைந்தது.

பூவாயி நிமிர்ந்து கூட்டத்தில் அக்காவைத் தேடினாள். தட்டு கைநழுவி உருண்டது.

சிந்தாமணி அதற்குள் தெருவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். தெருவில் கோழிகள் வரிசையாகப் படுத்திருந்தன. தலையை அண்ணாந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, வீட்டுக்குள் புகுந்து ஏணியில் ஏறினாள். விட்டத்தில் பிள்ளை கண்ணை மூடியிருந்தது. தொட்டாள். அது சிணுங்கி, பிறகு ஊரே அதிரும்படி வீரிட்டு அழுதது. அதைவிட இனிமையான சத்தத்தை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்க மேட்டில் ஏறினாள். பூவாயி பின்னாலேயே தடுமாறி வந்து சேர்ந்தாள்.

"எல்லாரும் வாங்க! மேட்டுக்கு வாங்க!" என்று இருவரும் அங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினார்கள். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோமான் தங்கக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டதால் மறுபடி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கலவை கல்லாக இறுகியிருந்தது. கோமான் குத்திப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை.

"கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்," என்ற அவர் குரல் ஒலிபெருக்கியில் மேடுவரைக்கும் தெளிவாக வந்தது.

கைதட்டல் கேட்டது. அதன் பிறகு எல்லோரும், வழக்கப்படி, அவர் காலில் விழுந்தார்கள்.